வீட்டிலிருந்தே ஆபீஸ் கம்ப்யூட்டர்: சின்னக் கம்பெனிகளுக்கு விபிஎன், அடிப்படையிலிருந்து

மண்டபம் பக்கம் நண்டும் கணவாயும் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். ஆபீஸில் எட்டு கம்ப்யூட்டர். ஒன்றில் டேலி கணக்கு சாஃப்ட்வேர் ஓடுகிறது. இன்னொன்றில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஸ்கேன் செய்த சான்றிதழ்கள் எல்லாம் கிடக்கும் ஷேர் ஃபோல்டர். கணக்கு பார்ப்பவர் கீழக்கரையிலிருந்து வந்து போகிறார். ஏற்றுமதி டாக்குமென்ட் பார்ப்பவருக்கு வீடு பரமக்குடி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், சரக்கு வரத்து குறையும். ஜிஎஸ்டி தாக்கலும் ஆடிட்டர் கேட்கும் கணக்கும் மட்டும் நிற்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் (2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது) ஆபீஸுக்கு வந்து சேர்வதே பெரும்பாடு. இந்த இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்தபடி ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேலை பார்க்க வேண்டும். கூடவே வெளியாள் யாரும் நுழைந்துவிடக் கூடாது.

போர்ட்டைத் திறந்து விடுவது

சிசிடிவி போட வந்தவரிடமோ கம்ப்யூட்டர் சர்வீஸ்காரரிடமோ கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ரூட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் போட்டுட்டா போதும் சார்." ஒரு கம்ப்யூட்டரை வேறிடத்திலிருந்து இயக்க உதவும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப், 3389 என்ற போர்ட்டில் (எண் போட்ட நெட்வொர்க் வாசலில்) காத்திருக்கும். வெளியிலிருந்து அந்த எண்ணுக்கு வருவதையெல்லாம் நேராக டேலி கம்ப்யூட்டருக்குத் தள்ளிவிடு என்று ரூட்டரிடம் சொல்லிவிடுவார். ஐந்து நிமிட வேலை. அன்றைக்கே வேலையும் செய்யும்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கதவு கீழக்கரைக்காரருக்கு மட்டும் திறக்கவில்லை. இணையத்தில் ஒரு லைனை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரிகள், பழைய முறையில் (ஐபிவி4) உலகம் முழுக்கவே சுமார் 429 கோடிதான். ஒரு போர்ட்டை மட்டும் பார்த்து அத்தனை முகவரிகளையும் ஒரு மணி நேரத்துக்குள் தட்டிப் பார்க்கும் கருவி 2013-லேயே வந்துவிட்டது. ஆகவே "நம்ம சின்னக் கம்பெனி, யாரு தேடி வரப்போறா" என்ற பேச்சுக்கு இடமில்லை. யாரும் உங்களைத் தேடி வருவதில்லை. புரோகிராம்கள் எல்லாரையும் தட்டிக்கொண்டே இருக்கின்றன. திறந்திருப்பது தெரிந்ததும் பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிடும். போர்ட் எண்ணை 3389-லிருந்து 33890 என்று மாற்றுவது சில நாள் தள்ளிப்போடுமே தவிரக் காப்பாற்றாது.

பாஸ்வேர்ட் நன்றாக இருந்தாலும் போதாது. 2019-இல் ரிமோட் டெஸ்க்டாப்பிலேயே புளூகீப் என்ற ஓட்டை வெளிப்பட்டது. பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே போக அது வழி விட்டது. 2017 மே மாதம் உலகத்தையே உலுக்கிய, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ், ஃபைல் ஷேரிங் நடக்கும் 445 போர்ட் வழியாகப் பரவியது. உள்ளே வந்தவன் டேலி டேட்டாவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பான். பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க் அதே கம்ப்யூட்டரில் செருகியே இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டுவான்.

எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை ரூட்டரைத் தொடாமலே வேலை செய்யும். அவசரத்துக்குச் சரி. ஆனால் இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். கம்பெனி வேலைக்கு உரிமம் வாங்க வேண்டும். நிரந்தர பாஸ்வேர்ட் வைத்துத் திறந்தே விட்டால், அந்த ஒரு பாஸ்வேர்டில்தான் முழுக் கம்ப்யூட்டரும் தொங்கிக்கொண்டிருக்கும்.

விபிஎன் என்ன செய்கிறது

ஆபீஸ் வாசலில் ஒரே ஒரு காவலை வைத்து, அடையாளம் காட்டியவரை மட்டும் உள் நெட்வொர்க்கில் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடுதான் விபிஎன். கீழக்கரையில் இருக்கும் லேப்டாப்புக்கு ஆபீஸுக்குள் செல்லுபடியாகும் ஓர் உள் முகவரி கிடைக்கும். அந்த முகவரியில் இருந்து அது அனுப்புவதெல்லாம் முதலில் சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்படும். பிறகு இன்னொரு பாக்கெட்டுக்குள் (நெட்வொர்க்கில் போகும் சின்னத் தரவுப் பொட்டலத்துக்குள்) வைத்து ஆபீஸுக்கு அனுப்பப்படும். சீல் வைத்த ஐஸ் பெட்டி மாதிரி: லாரிக்காரருக்கும் செக்போஸ்ட்காரருக்கும் மேலே ஒட்டிய விலாசம் மட்டும் தெரியும், உள்ளே இறாலா நண்டா என்று தெரியாது. ஆபீஸில் இருக்கும் விபிஎன் சாதனம் (இனி ஆபீஸ் பெட்டி அல்லது விபிஎன் பெட்டி என்போம்) சீலைப் பார்த்து, உடைத்து, உள்ளே இருப்பதை டேலி கம்ப்யூட்டரிடம் கொடுக்கும்.

யூடியூப் விளம்பரத்தில் வரும் "நாடு மாற்றும்" விபிஎன் வேறு வியாபாரம். அது உங்கள் இணையப் போக்குவரத்தை இன்னொரு நாட்டில் இருக்கும் அவர்கள் சர்வர் வழியாக அனுப்புகிறது. அதைக் காசு கொடுத்து வாங்கினாலும் மண்டபம் ஆபீஸுக்குள் போக முடியாது.

விபிஎன் வழியைத்தான் பாதுகாக்கும். வீட்டு லேப்டாப்பில் ஏற்கெனவே வைரஸ் இருந்தால், அந்த வைரஸும் பத்திரமாகக் குறியாக்கம் ஆகி ஆபீஸுக்கு வந்து சேரும்.

முதல் கேள்வி: உங்கள் லைனுக்குப் பொது முகவரி உண்டா?

பொது முகவரி என்றால் வெளியிலிருந்து நேராக உங்கள் ரூட்டரை எட்டக்கூடிய ஐபி. எந்தச் சாதனம், எந்த சாஃப்ட்வேர் என்று யோசிப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள். இதைப் பார்க்காமல் ஆரம்பித்துத்தான் பலர் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

ஆபீஸ் ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வான் (WAN) ஐபி என்று, வெளி லைனுக்குரிய ஒரு எண் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே லைனில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் "என் ஐபி என்ன" என்று கூகுளில் தேடி, வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். கூகுளில் நீளமான ஐபிவி6 முகவரி வந்தால், நான்கு எண் கொண்ட பழைய முறை முகவரியைக் காட்டும் தளத்தில் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குப் பொது முகவரி உண்டு. வேறு வேறாக இருந்து, ரூட்டரில் 100.64 முதல் 100.127 வரை ஏதோ ஒன்றில் ஆரம்பிக்கும் எண் தெரிந்தால், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். சிஜிநாட் என்பார்கள். அந்த எண் வரிசையை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். சிஜிநாட் இருந்தால் உங்கள் ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. வெளியிலிருந்து வருவது இணைய கம்பெனிக்காரர் சாதனத்திலேயே நின்றுவிடும். ரூட்டரில் 10 அல்லது 192.168 என்று ஆரம்பிக்கும் எண் தெரிந்தால், ஃபைபர் மோடமும் ரூட்டர், அதற்குப் பின்னால் நீங்கள் வைத்ததும் ரூட்டர் என்று இரண்டு இருக்கலாம். அப்போது மோடத்தின் பக்கத்திலும் போய்ப் பார்க்க வேண்டும்.

சிஜிநாட் என்று தெரிந்தால் வழி மூன்று. இணைய கம்பெனியிடம் மாதக் கட்டணத்தில் ஸ்டாட்டிக் ஐபி (மாறாத பொது முகவரி) கேட்டு வாங்கலாம். மேகத்தில் (கிளவுடில்) ஒரு சின்ன லினக்ஸ் சர்வரை வாடகைக்கு எடுத்து, ஆபீஸ் பெட்டியும் வீட்டு லேப்டாப்பும் அங்கே வந்து சந்திக்கும்படி வைக்கலாம். அல்லது டெய்ல்ஸ்கேல் மாதிரி ஒரு சேவையில் சேரலாம்; இரண்டு பக்கமும் உள்ளிருந்து வெளியே கூப்பிட்டுக்கொண்டு நடுவில் கைகோத்துக்கொள்ளும், எந்த போர்ட்டையும் திறக்க வேண்டாம். பத்துப் பேருக்குள் இருக்கும் கம்பெனி, உள்ளே லினக்ஸ் தெரிந்தவர் இல்லை என்றால் மூன்றாவதே நல்லது. சொந்தமாக நடத்துவதில் இருக்கும் கௌரவத்தைவிட, மழை நாளில் வேலை நடப்பதுதான் முக்கியம்.

எதைப் போடுவது

சொந்தமாக வைப்பதென்றால் இன்றைக்கு முதல் தேர்வு வயர்கார்ட் என்ற விபிஎன் சாஃப்ட்வேர். 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 கெர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதியிலேயே) அது சேர்ந்துவிட்டது. விண்டோஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றுக்கும் ஆப் உண்டு. வழக்கமாக யூடிபி 51820 போர்ட்டில் இருக்கும். சரியான சாவி இல்லாமல் யார் தட்டினாலும் பதிலே சொல்லாது. அங்கே ஒரு கதவு இருக்கிறது என்பதே தட்டுகிறவனுக்குத் தெரியாது. இன்னொரு சாஃப்ட்வேரான ஓபன்விபிஎன் பழையது, நம்பகமானது, ஓடிபி சேர்க்க வசதியானது; வேகம் கொஞ்சம் குறைவு, அமைப்பது கொஞ்சம் நீளம். பழைய ரூட்டர்களில் பிபிடிபி என்று ஒரு விபிஎன் முறை இருக்கும், அதைத் தொடவே வேண்டாம். அதன் பாஸ்வேர்ட் சரிபார்ப்பு முறையை 2012-லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள்.

இதை ஓட்ட தனி சர்வர் வாங்க வேண்டியதில்லை. மைக்ரோடிக் ரூட்டர்களில் ரூட்டர்ஓஎஸ் 7 முதல் வயர்கார்ட் உள்ளேயே இருக்கிறது. இல்லாவிட்டால் ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று போதும். டேலி ஓடும் கம்ப்யூட்டரிலேயே விபிஎன்னையும் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் அது தொங்கிப்போனால் அதைச் சரிபண்ண உள்ளே போகும் வழியும் சேர்ந்து போய்விடும்.

எண்களை முதலில் மாற்றுங்கள்

ஆரம்பநிலைக்காரர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். பல ஆபீஸ்களில் ரூட்டர் வந்தபடியே இருக்கும்: 192.168.1.1, கம்ப்யூட்டர்கள் 192.168.1.20, 192.168.1.30 என்று. கீழக்கரை வீட்டு ரூட்டரிலும் அதே 192.168.1 வரிசை. லேப்டாப்பிடம் 192.168.1.20-க்குப் போ என்றால், "அது நம் வீட்டிலேயே இருக்கும் எண்தானே" என்று வீட்டுக்குள்ளேயே தேடும். விபிஎன் பச்சையாகக் காட்டும், டேலி கம்ப்யூட்டர் மட்டும் கிடைக்காது. பரமக்குடிக்காரர் வீட்டில் ஜியோ ஃபைபர் என்றால் அங்கே 192.168.29 வரிசை, அவருக்கு மட்டும் பிரமாதமாக வேலை செய்யும். ஒருவருக்குக் கிடைத்து இன்னொருவருக்குக் கிடைக்காவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஆகவே யாரும் வீட்டில் வைத்திருக்க வாய்ப்பில்லாத வரிசையை ஆபீஸுக்கு வையுங்கள். உதாரணத்துக்கு இந்தக் கட்டுரை முழுக்க ஆபீஸுக்கு 10.47.12.0/24, விபிஎன்னுக்கு 10.47.99.0/24 என்று கொள்வோம் (/24 என்றால் கடைசி எண் மட்டும் மாறும் முழு வரிசை; /32 என்றால் ஒரே முகவரி). ரூட்டர் 10.47.12.1, விபிஎன் பெட்டி 10.47.12.2, டேலி கம்ப்யூட்டர் 10.47.12.20, ஷேர் ஃபோல்டர் 10.47.12.30.

இந்த மாற்றத்தை வேலை நேரத்தில் செய்யாதீர்கள். கம்ப்யூட்டர்கள் தானாகப் புது எண் வாங்கிக்கொள்ளும். பிரிண்டர், சிசிடிவி டிவிஆர், விரல் வைக்கும் அட்டெண்டன்ஸ் மெஷின் இவற்றில் பழைய எண்ணைக் கையால் போட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றாகப் போய் மாற்ற வேண்டும். மாற்றவே முடியாத நிலை என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு: லேப்டாப்பின் விபிஎன் அமைப்பில் முழு வரிசையையும் எழுதாமல் 192.168.1.20/32 என்று ஒரே கம்ப்யூட்டரை மட்டும் எழுதுங்கள். குறிப்பாகச் சொன்ன வழிக்குத்தான் முன்னுரிமை என்பதால் அது விபிஎன்னுக்குள் போகும். அந்த வீட்டில் அதே எண்ணில் டிவியோ கேமராவோ இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அமைக்கும் வரிசை

வயர்கார்டில் யூசர்நேம், பாஸ்வேர்ட் கிடையாது. ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு ஜோடிச் சாவி: ரகசியச் சாவி, பொதுச் சாவி. லேப்டாப் ஆப்பில் புது டனல் என்று கொடுத்தால் இரண்டையும் அதுவே உருவாக்கும். பொதுச் சாவியை மட்டும் ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் போட்டாலும் பரவாயில்லை. ரகசியச் சாவி பிறந்த லேப்டாப்பை விட்டு வெளியே வரக் கூடாது. எல்லாருக்கும் ஆபீஸிலேயே சாவி தயார் செய்து, ஃபைலாக வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அந்தக் குரூப்பில் இருக்கும், இருந்த எல்லாருடைய போனிலும் உங்கள் ஆபீஸ் சாவி கிடக்கும்.

ஆபீஸ் பெட்டியில் ஒவ்வொருவரின் பொதுச் சாவிக்கும் பக்கத்தில் அவருக்குரிய ஒரே எண்ணை எழுதுங்கள்: கணக்கருக்கு 10.47.99.11/32, டாக்குமென்ட்காரருக்கு 10.47.99.12/32. "அலவ்டு ஐபிஸ்" என்ற இந்த வரிக்கு இரண்டு வேலை. எந்த எண்ணுக்குப் போக வேண்டியதை எந்தச் சாவிக்காரரிடம் அனுப்புவது என்று சொல்லும். அந்தச் சாவிக்காரர் எந்த எண்ணிலிருந்து வந்தால் ஏற்கலாம் என்றும் சொல்லும். இருவருக்கும் ஒரே எண்ணை எழுதிவிட்டால், கடைசியாக எழுதியவருக்கு மட்டும் வேலை செய்யும்.

லேப்டாப் பக்கம் அதே வரியில் 10.47.12.0/24 என்று மட்டும் எழுதினால், ஆபீஸுக்குரியது மட்டும் விபிஎன் வழியாகப் போகும். யூடியூபும் பாங்க் வேலையும் வீட்டு லைனிலேயே போகும். 0.0.0.0/0 என்று எழுதினால் எல்லாமே ஆபீஸ் லைனைச் சுற்றிக்கொண்டு போகும். பத்துப் பேர் வீட்டு வீடியோ எல்லாம் ஆபீஸின் அப்லோடு வேகத்தைத் தின்றுவிடும் என்பதால் சின்ன ஆபீஸுக்கு முதலாவதே போதும்.

ரூட்டரில் யூடிபி 51820-ஐ 10.47.12.2-க்கு ஃபார்வர்டு செய்யுங்கள். திறக்கும் ஒரே போர்ட் இதுதான். பழைய 3389, டிவிஆருக்குத் திறந்த 8000, 80 எல்லாவற்றையும் அதே உட்காரலில் மூடிவிடுங்கள். கேமரா பார்க்க வேண்டுமென்றாலும் இனி விபிஎன் வழியாகவே பார்க்கலாம். ரூட்டரில் யுபிஎன்பி என்று ஒரு வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் டிவிஆர் தானே கேட்டு போர்ட்டை மறுபடி திறந்துகொள்ளும்.

விபிஎன் பெட்டி லினக்ஸ் என்றால் ஐபி ஃபார்வர்டிங்கை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி வரைக்கும் வந்தது அங்கேயே நிற்கும். அடுத்தது, திரும்பி வரும் வழி. டேலி கம்ப்யூட்டர் பதிலை 10.47.99.11-க்கு அனுப்பப் பார்க்கும். அந்த எண் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, ரூட்டரிடம் கொடுக்கும், ரூட்டருக்கும் தெரியாது. ரூட்டரில் "10.47.99.0/24 வேண்டுமென்றால் 10.47.12.2-இடம் கொடு" என்று ஒரு ஸ்டாட்டிக் ரூட் எழுதினால் தீர்ந்தது. ரூட்டரிலேயே விபிஎன் ஓடுகிறது என்றால் இந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக, உள்ளே வந்தவர் எங்கெல்லாம் போகலாம் என்பது. விபிஎன்னில் சேர்ந்ததும் எல்லாருக்கும் எல்லாக் கம்ப்யூட்டரும் என்று விட்டுவிடுவதுதான் பரவலான வழக்கம். பெட்டியின் ஃபயர்வாலில் கணக்கருக்கு 10.47.12.20-இல் 3389 மட்டும், டாக்குமென்ட்காரருக்கு 10.47.12.30-இல் 445 மட்டும் என்று இரண்டு வரி எழுதி, மற்றதை மறுத்துவிடுங்கள். ஒரு லேப்டாப் கெட்டாலும் சேதம் ஒரு கம்ப்யூட்டரோடு நிற்கும்.

டேலியை எப்படித் திறப்பது

டேலி டேட்டா ஃபோல்டரை விபிஎன் வழியாக வீட்டு லேப்டாப்பில் நேராகத் திறக்காதீர்கள். ஒவ்வொரு சின்னப் பதிவுக்கும் லேப்டாப்பும் ஆபீஸும் பலமுறை பேசிக்கொள்ளும். ஆபீஸுக்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பது வெளி லைனில் ஆமை வேகமாகும். எழுதும்போது லைன் அறுந்தால் டேட்டா கெட்டு, ரிப்பேர் ஓட்ட வேண்டிவரும். மாறாக, ரிமோட் டெஸ்க்டாப்பில் ஆபீஸ் கம்ப்யூட்டரின் திரையை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். லைன் அறுந்தாலும் டேலி ஆபீஸில் அப்படியே திறந்திருக்கும். திரும்பச் சேர்ந்ததும் விட்ட வவுச்சரிலிருந்து தொடரலாம். ஆளுக்கு 1.5 முதல் 3 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். எண்ணிப் பார்க்க வேண்டியது ஆபீஸ் லைனின் அப்லோடு வேகத்தை.

இதற்கு ஆபீஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் புரோ வேண்டும். ஹோம் பதிப்பு ரிமோட் டெஸ்க்டாப்பை ஏற்காது. புரோவிலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான். கணக்கர் வீட்டிலிருந்து நுழைந்தால், ஆபீஸில் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் வேண்டுமென்றால் விண்டோஸ் சர்வரும் அதற்கான உரிமங்களும் வாங்க வேண்டும். "பேட்ச் போட்டு மல்டி யூசர் ஆக்கித் தர்றேன்" என்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். உரிம மீறல் என்பது ஒரு பக்கம், அடுத்த விண்டோஸ் அப்டேட்டில் அது உடைந்து போகும்.

ரிமோட் டெஸ்க்டாப் அமைப்பில் வீட்டு டிரைவ்களை இணைக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். வீட்டு பிரிண்டரில் பில் அடிக்க வேண்டுமென்றால் பிரிண்டர் டிக் மட்டும் இருக்கட்டும்.

வேலை செய்யாதபோது எங்கே பார்ப்பது

வயர்கார்டில் "லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்" என்று ஒரு வரி இருக்கும்; இரண்டு பக்கமும் சாவியைச் சரிபார்த்துக் கைகுலுக்கியது கடைசியாக எப்போது என்று அது சொல்லும். கண் முதலில் அங்கே போகட்டும். அந்த வரியே வரவில்லை என்றால் பாக்கெட் ஆபீஸைச் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் ஆபீஸ் பெட்டி ஏற்கவில்லை: போர்ட் ஃபார்வர்டிங், சிஜிநாட், தவறான சாவி, மாறிப்போன ஆபீஸ் ஐபி இவற்றில் ஒன்று. ஸ்டாட்டிக் ஐபி இல்லாமல் டைனமிக் டிஎன்எஸ் பெயர் (மாறும் ஐபியைக் காட்டும் நிலையான பெயர்) வைத்திருப்பவர்கள் கடைசியதைக் கவனிக்க வேண்டும். ஆபீஸில் கரண்ட் போய் வந்ததும் ஐபி மாறும். வயர்கார்டோ டனல் தொடங்கும்போது மட்டும்தான் பெயரை எண்ணாக மாற்றிப் பார்க்கும். லேப்டாப்பில் டனலை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகும்.

ஹேண்ட்ஷேக் வருகிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை என்றால் விபிஎன்மேல் குற்றமில்லை. திரும்பும் வழி, எண் மோதல், விண்டோஸ் ஃபயர்வால் ஆகிய மூன்றில் ஒன்று. விண்டோஸ் ஃபயர்வால் ஃபைல் ஷேரிங்கையும் பிங்கையும் (எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனையையும்) வழக்கமாக "லோக்கல் சப்நெட்", அதாவது அதே எண் வரிசையில் இருக்கும் ஆட்களுக்கு மட்டுமே அனுமதிக்கும். 10.47.99.12 அதற்கு வெளியாள். அந்த விதிகளின் ஸ்கோப் பகுதியில் 10.47.99.0/24-ஐச் சேர்க்க வேண்டும். பிங் வரவில்லை என்பதாலேயே இணைப்பு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

பிங் வருகிறது, ரிமோட் டெஸ்க்டாப் கறுப்புத் திரையோடு நின்றுவிடுகிறது, பெரிய ஃபைல் காப்பி ஆகும்போது தொங்குகிறது என்றால் பாக்கெட்டின் அளவு பெரிதாக இருக்கிறது. வயர்கார்ட் தன் உறைக்கு ஐபிவி4-இல் 60 பைட்டும் ஐபிவி6-இல் 80 பைட்டும் எடுத்துக்கொள்ளும்; அதனால்தான் 1500-இல் 80 போக 1420 என்று எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) வைத்திருக்கிறது. ஃபைபர் லைனில் பிபிபிஓஇ என்ற இணைப்பு முறை இருந்தால் அது இன்னும் 8 பைட் எடுக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேறு சில உறைகளும் சேரும். லேப்டாப் பக்கம் எம்டியுவை 1280 என்று வைத்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் நோய் அதுதான். அங்கேயே விட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

காலையில் சேர்ந்தது, பத்து நிமிடம் சும்மா இருந்தால் ஆபீஸிலிருந்து எதுவும் வருவதில்லை என்றால், நடுவில் இருக்கும் ரூட்டர் அந்தப் பேச்சை மறந்துவிட்டது. பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் என்ற இடத்தில் 25 என்று எழுதினால் 25 வினாடிக்கு ஒருமுறை ஒரு தட்டு தட்டிக்கொண்டிருக்கும். மேக சர்வர் வழியாகப் போகும் அமைப்பில் இது ஆபீஸ் பெட்டியிலும் கட்டாயம் வேண்டும்.

சுலபத்தில் பிடிபடாத ஒன்று இருக்கிறது. வீட்டில் பழைய டெஸ்க்டாப், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்துவிட்டது. கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். வயர்கார்ட் ஒவ்வொரு ஹேண்ட்ஷேக்கிலும் நேரத்தைச் சேர்த்து அனுப்புகிறது. கடைசியாகப் பார்த்த நேரத்தைவிடப் பழையது வந்தால், யாரோ பழைய பாக்கெட்டைப் பிடித்து வைத்து மறுபடி அனுப்புகிறார் என்று ஆபீஸ் பெட்டி தள்ளிவிடும். அதே நேரம் இணைய தளங்களும் சான்றிதழ் பிழை காட்டும். பேட்டரியை மாற்றுங்கள்.

கரண்டும் உப்புக்காற்றும்

ஆபீஸில் ஆளே இல்லாத நாளில்தான் இந்த ஏற்பாட்டுக்கு வேலை அதிகம். ஆகவே கரண்ட் போய் வந்தால் யாரும் பட்டன் அமுக்காமல் எல்லாம் எழுந்துகொள்ள வேண்டும். டேலி கம்ப்யூட்டரின் பயாஸில், கரண்ட் திரும்பியதும் தானே ஆன் ஆகும் அமைப்பைப் போடுங்கள், ஸ்லீப்பை அணையுங்கள். ஃபைபர் மோடத்துக்கும் ரூட்டருக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் தனியாகக் கொடுப்பது மலிவு. அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியரைப் பார்த்து அதற்குக் குறையாமல் வாங்க வேண்டும். ராஸ்பெரி பைக்குக் கரண்ட் திடீரென்று அறுந்தால் எஸ்டி கார்டு கெடும். அதையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள், ஓடும் கார்டின் நகல் ஒன்றை எடுத்து மேஜையில் வையுங்கள்.

பாம்பன், மண்டபம், தொண்டி மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் நெட்வொர்க் கேபிளின் முனையைக் கழற்றிப் பார்த்தால் பின்களில் பச்சை பூத்திருக்கும். அது முழுக்க அறுபடாது; பாதி அறுபடும், அதுதான் தொல்லை. ஜிகாபிட் வேகத்துக்குக் கேபிளின் நான்கு ஜோடியும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். மற்ற இரண்டு ஜோடியில் ஒரு பின் கெட்டால் லிங்க் 1000-இலிருந்து 100-க்கு இறங்கிவிடும். விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். விபிஎன் மெதுவாக இருக்கிறது என்று ஆள் கூப்பிடுவதற்கு முன்னால் லிங்க் வேகத்தைப் பார்த்து, முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள். மோடத்தில் எல்ஓஎஸ் சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை. எங்காவது மடிந்திருக்கும் அல்லது வெளியே அறுந்திருக்கும்.

லேப்டாப் தொலைந்தால், ஆள் விலகினால்

வயர்கார்டில் லேப்டாப் யார் கையில் இருக்கிறதோ அவரே உரியவர். அதில் ஓடிபி கேட்கும் வசதி தானாக இல்லை. ஆகவே லேப்டாப்பில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் குறியாக்கம்) போடுங்கள், ரிமோட் டெஸ்க்டாப் பாஸ்வேர்டைச் சேமித்து வைக்க விடாதீர்கள். ஓபன்விபிஎன், டெய்ல்ஸ்கேல், பெரிய ஃபயர்வால் பெட்டிகளில் போன் ஆப் காட்டும் ஆறு இலக்க எண்ணைச் சேர்க்கலாம். அது 30 வினாடிக்கு ஒருமுறை மாறும், போனின் நேரம் தானாகச் சரியாகும்படி இருக்க வேண்டும். முடிந்தால் கம்பெனி லேப்டாப் கொடுங்கள். பிள்ளைகள் கேம் இறக்கும் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆபீஸ் சாவியை வைப்பது வம்பு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

ஒருவர் வேலையை விட்டுப் போனால் அன்று மாலையே அவருடைய பொதுச் சாவி வரியை நீக்குங்கள். மற்றவர்களுக்கு எந்தப் பாதிப்பும் வராது. ஆளுக்கொரு சாவி என்று வைப்பதே இதற்காகத்தான். ஐந்து பேருக்கும் ஒரே சாவி கொடுத்திருந்தால், ஒருவர் போகும்போது நான்கு பேருக்குப் புதிதாகப் போட வேண்டும்.

இந்தியாவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி, சைபர் தாக்குதல் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களிடம் தெரிவிக்க வேண்டும். சிஸ்டம் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். விபிஎன் விற்பவர்கள் வாடிக்கையாளர் விவரத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்ற பகுதி, தன் ஊழியர்களுக்கு மட்டும் ஒரு கம்பெனி வைத்திருக்கும் விபிஎன்னுக்குப் பொருந்தாது. வயர்கார்ட் யார் எப்போது வந்தார் என்று தானாக எழுதி வைக்காது. ஃபயர்வாலில் பதிவை இயக்கி வையுங்கள், ரிமோட் டெஸ்க்டாப் நுழைவுகள் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் இருக்கும், ஆனால் இடம் நிரம்பினால் பழையதை அழித்துவிடும். அந்த அளவைக் கூட்டி வைக்க வேண்டும்.

தாக்குதல் நடந்துவிட்டதாகத் தோன்றினால் முதலில் ஆபீஸ் ரூட்டரிலிருந்து வெளி லைனைக் கழற்றுங்கள். கம்ப்யூட்டரை உடனே ஃபார்மட் அடிக்கச் சொல்லும் சர்வீஸ்காரரைத் தடுத்து நிறுத்துங்கள். எப்படி வந்தான் என்பதற்கான தடயம் அதில்தான் இருக்கும். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குத் தாமதிக்காமல் கூப்பிட வேண்டும்; எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் போன பணத்தை நடுவில் முடக்க வாய்ப்பு உண்டு.